ஆபரேஷனுக்கு முந்தைய ஐந்து வாரம்

போன மாதம் ஷர்மிளா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த குன்னூர் தர்ம ஆஸ்பத்திரியில் இப்போது உணவுப் பிரிவைக் கவனிக்கிற பெண். கையில் ஒரு புதுப் படிவம் வைத்திருந்தாள். குடல் அழற்சி நோயாளிகளை ஆபரேஷனுக்கு எடுப்பதற்கு முன்னால் சில வாரம் ஊட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இப்போது விதியே வந்துவிட்டதாம். அதற்கென்று சத்துப்பொடி டப்பாக்கள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகின்றனவாம்.

“நீங்க இதையெல்லாம் அப்பவே செஞ்சிருக்கீங்களாமே மேடம். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. எப்படி ஆரம்பிச்சுது, எப்படி எல்லாரும் பொழச்சாங்கன்னு. படிக்கிற புள்ளைங்களுக்குத் தெம்பா இருக்கும்.”

தெம்பாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதியிருக்கிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

அப்பாவுக்கு அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. என்னைக் கோயமுத்தூருக்கு அனுப்பி மனையியல் படிக்க வைத்தார். உணவியலில் ஒரு வருடப் பயிற்சி, அதற்குள் கல்யாணப் பேச்சு, அது நின்று போனது, பிறகு இந்த வேலை. சேர்ந்த முதல் சில வருடம் சர்க்கரை நோயாளிகளுக்கு உப்புமாவா கஞ்சியா என்று எழுதிக்கொடுப்பதே என் உத்தியோகம். ஆபரேஷன் வார்டுப் பக்கம் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

டாக்டர் தாமோதரன் வந்த பிறகுதான் அது மாறியது. வயிற்று ஆபரேஷனில் தேர்ந்தவர். பெரிய ஊரில் இருந்தவர், ஏன் இங்கே வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில் ஏறி இருக்கும். ரவுண்ட்ஸில் உட்கார மாட்டார். மலைக் குளிரில் அவர் கை சில்லிட்டிருக்கும் என்பதால் வார்டு ஹீட்டரில் இரண்டு உள்ளங்கையையும் காட்டிச் சூடாக்கிக்கொண்டுதான் நோயாளியின் வயிற்றைத் தொடுவார். “ஏனுங்க, கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டுங்களா?” என்று கூலிக்காரரிடமும் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். எங்களிடம் அந்த மரியாதை இருக்காது. எங்களுக்கு ‘ஏம்மா’தான்.

வயிற்றைப் பார்த்த பிறகு அவர் செய்வதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. தன் இரண்டு விரலை நீட்டி, “நல்லா அமுக்கிப் புடிங்க” என்பார். பிடியின் பலம் பார்ப்பார். பிறகு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி மனதுக்குள் பத்து எண்ணுவார். விரலை எடுத்ததும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இருமச் சொல்வார். கடைசியில்தான் கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குவார்.

“குடலை வெட்டி வெச்சுத் தைக்கறது என் வேலை. அது ஒட்டறது அவங்க உடம்போட வேலை. உடம்புல ஒண்ணும் இல்லைன்னா எதை வெச்சு ஒட்டும்?” என்று முதல் நாளே என்னைக் கேட்டார். “அதை நீதாம்மா எனக்குக் குடுக்கணும்” என்றார்.

குடல் அழற்சி என்றால் பலருக்குப் புரியாது. பெருங்குடல் முழுக்கப் புண்ணாகி இரத்தமாகப் போவது ஒரு வகை. சிறுகுடலில் அங்கங்கே வீங்கி, தழும்பு விழுந்து, பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிப்போவது இன்னொரு வகை, அதற்குக் கிரோன் நோய் என்று பெயர். இரண்டிலும் நோயாளி எங்களிடம் வந்து சேரும்போது எலும்பும் தோலுமாகத்தான் இருப்பார். சாப்பிட்டால் வலி, அதனால் சாப்பிட மாட்டார். சாப்பிட்டதும் நிற்காது. அதோடு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. அந்த உடம்பில் கத்தி வைத்தால் தையல் பிரியும். அதனால் அவசரம் இல்லாத கேஸ் என்றால் முதலில் ஊட்டம், பிறகு ஆபரேஷன் என்று அவர் ஒரு முறை வைத்தார்.

அதற்கு டப்பா மாவு வாங்க எங்களிடம் வசதி கிடையாது. சமையல்கட்டில் நாங்களே காய்ச்சினோம். கொழுப்பு நீக்கிய பால்பொடியை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், சூடான தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். முளைகட்டிய ராகியைக் காயவைத்து அரைத்து, துணியில் சலித்து, கஞ்சியாக்கிச் சேர்க்க வேண்டும். குன்னூரில் ராகி காய வெயில் எங்கே இருக்கிறது? சலவைக்கட்டு பாய்லருக்கு மேலே தட்டில் பரப்பிக் காயவைத்தோம். பால் கொதிக்கும்போது முட்டையை நன்றாக அடித்து நூல் மாதிரி ஊற்றிக் கிளற வேண்டும். எண்ணெயைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் மேலே மிதக்கும், குடித்தவருக்குப் பேதியாகும். கடைசியில் மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி, ரப்பர் குழாயில் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் வார்டுக்கு அனுப்புவேன்.

முதல் மூன்று நாள் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். வைட்டமின் ஊசி போட்டுவிட்டு, அரை டம்ளர் அரை டம்ளராக. “பட்டினி கெடந்த உடம்பும்மா. மொத நாளே கொட்டினா இதயம் தாங்காது” என்பார் டாக்டர்.

எழுதுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம். நர்சுகள் ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுதி டிக் போடுவார்கள். அதைப் பேனாவால் குறுக்கே அடிப்பார். “நீங்க என்ன குடுத்தீங்கன்னு எனக்கு எதுக்கு? எவ்வளவு உள்ள போச்சுன்னு எழுதுங்க. பக்கத்துல நின்னு பாத்து எழுதுங்க.” அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டார். சார்ட்டின் அடியில் என் கையெழுத்து இருந்தால் அவர் இன்னொரு முறை கேட்க மாட்டார். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது.

அரவங்காட்டில் ரிட்டயர் ஆன ஒருவருக்குப் பெருங்குடல் முழுக்க எடுக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஊட்டிவிட்டு எடுத்தோம். பத்தாம் நாள் அவர் நடந்து வெளியே போனார். அப்படி இன்னும் சிலர். ஷர்மிளா கேட்ட தெம்பு இந்தப் பத்தியோடு சரி.

தேயிலை விலை விழுந்தது அதற்குப் பிறகு. பச்சைக் கொழுந்தைப் பறித்த கூலிக்குக்கூட விற்க முடியவில்லை. கோத்தகிரி ரோட்டில் விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொழுந்தைக் கொட்டிவிட்டுப் போனதை பஸ்ஸிலிருந்து நானே பார்த்தேன். பந்தலூர்ப் பக்கம் சில எஸ்டேட்டுகளில் நிர்வாகமே காணாமல் போனது. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பாலும் முட்டையும் தர்மமாக அனுப்பிக்கொண்டிருந்த எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக நிறுத்தின. முட்டை இனிமேல் லிஸ்டில் பேர் உள்ள நோயாளிக்கு மட்டும்தான் என்று ஆபீஸில் உத்தரவு போட்டார்கள். லிஸ்ட் எழுதுவது நான்.

அந்தச் சமயத்தில்தான் லெட்சுமி வந்தாள்.

நெல்லியாளம் தாண்டி ஒரு தனியார் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். வயது முப்பத்தைந்துக்குள். சிலோனில் பிறந்து, எட்டு வயதில் பெற்றோரோடு கப்பலில் வந்தவள். நர்சையும் என்னையும் ‘மிஸி’ என்றுதான் கூப்பிடுவாள், அவள் அம்மா அங்கே அப்படித்தான் கூப்பிடுவாளாம். வயிற்று வலிக்குக் காசநோய் என்று நினைத்து வேறு எங்கோ ஏழெட்டு மாதம் மருந்து கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது கிரோன் நோய் என்று தெரிந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கிக் கிடந்தது. எடை முப்பத்தொரு கிலோ.

டாக்டர் தாமோதரன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் அப்படியே நின்றது.

“இதுல இப்ப கத்தி வெக்க முடியாது. அஞ்சு வாரம் குடும்மா. ஸ்டீராய்டையும் மெதுவாக் கொறைச்சிருவோம். வாய் வழியா ஏறலைன்னா மூக்குல டியூப் போட்டுருவோம்” என்றார்.

டியூப் என்றதும் லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டியூப் வேணாம் மிஸி. நான் சாப்புட்டுருவேன்.”

ஒரு நாளைக்கு ஐந்து வேளை காய்ச்சிய பால். நாலு அவித்த முட்டை. பருப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்த சோறு, தயிர். கீரையும் தோலும் நாரும் கூடாது, சுருங்கின இடத்தில் அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. இரண்டு கிலோ ஏறியது. முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரியைக் கேலி பண்ணும் அளவுக்குப் பேச ஆரம்பித்தாள்.

மூன்றாவது வாரம் எடை நின்றது.

அந்த வாரத்தில்தான் அவளுடைய எஸ்டேட்டில் பெரட்டு எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அதாவது காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதே நின்றுபோனது. மானேஜர் பங்களாவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். லெட்சுமியின் புருஷன் திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போனான். இரண்டு பெண் குழந்தைகளையும் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்த லெட்சுமியின் தங்கை பார்வதியிடம் விட்டுப் போனான். பார்வதிக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை. தினமும் மத்தியானம் பார்வை நேரத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது பார்வதி வருவதை மட்டும்தான் பார்த்தேன். அக்காவின் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ராகித் தட்டைத் திருப்பிப் போடச் சலவைக்கட்டுக்குப் போனேன். பாய்லர் சுவரின் சூட்டில் சாய்ந்துகொண்டு இரண்டு சிறுமிகள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு துணி. துணியில் உரித்த முட்டை. சின்னவள் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பார்வதி எழுந்து நின்றாள்.

“யாரு குடுத்தா?” என்றேன்.

“அக்காதாங்க மிஸி. நாங்க கேக்கலீங்க. அதுவே குடுக்குது.”

பெரியவள் வாயில் இருந்ததை மெல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

நான் வார்டுக்குப் போனேன். லெட்சுமியின் தட்டில் முட்டை ஓடு ஒழுங்காகக் குவிந்திருந்தது. உரித்து ஓட்டைத் தட்டில் போட்டுவிட்டு முட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். ஓட்டைப் பார்த்துத்தான் நான் இத்தனை நாளாக ‘முழுதும் உட்கொண்டார்’ என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. வார்டில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஏன் லெட்சுமி இப்படிப் பண்றே? உன் உயிருக்குத்தானே குடுக்கிறோம்?”

அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். “அதுக ரெண்டும் வந்து கட்டிலு பக்கத்துல நிக்குதுக மிஸி. காலம்பற இருந்து பச்சத்தண்ணிதான். நான் எப்புடி அதுக மூஞ்சியப் பாத்துக்கிட்டுத் திங்கிறது? நீங்க திம்பீங்களா?”

“டாக்டருகிட்டச் சொல்லப் போறேன்.”

“எழுதிராதீங்க மிஸி. டொக்டருக்குத் தெரிஞ்சா மூக்குல டியூப்பச் சொருகிருவாரு. பிள்ளைகள உள்ள விட மாட்டாங்க. இனிமே ரெண்டு நான் திங்கிறேன். ரெண்டுதான் குடுப்பேன். சத்தியமா. எழுதிராதீங்க.”

அன்று சார்ட்டை எடுத்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். உண்மையை எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பார்வதியை வாசலில் நிறுத்துவார்கள். லிஸ்டில் பேர் இல்லாதவர்களுக்கு முட்டை போனதற்கு ஆபீஸில் என்னைக் கேட்பார்கள். அந்தப் பெரிய பெண்ணின் மெல்லாத வாய் கண் முன்னால் நின்றது. ‘முழுதும் உட்கொண்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளும் எழுதினேன். அதற்கு மறுநாளும்.

என் வீட்டிலிருந்து பன்னும் வாழைப்பழமும் இரண்டு மூன்று தடவை அந்தப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தேன். அதைக் கொடுத்துவிட்டு ஏதோ சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரக் கடைசியில் ரவுண்ட்ஸ். டாக்டர், அவருடைய ஜூனியர், வார்டு சிஸ்டர், நான். எடை முப்பத்து மூன்றிலேயே நின்றிருந்தது. காலில் பள்ளம் இன்னும் விழுந்தது. டாக்டர் சார்ட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக.

“எல்லாம் முழுசா உள்ள போயிருக்கு. ஆனா ஏறல” என்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அப்ப, குடுக்கறதையெல்லாம் நோய் தின்னுது. இன்னும் காத்திருந்தா இருக்கறதும் போயிரும்.”

ஜூனியர் கேட்டார்: “டியூப் போட்டு இன்னும் மூணு வாரம் பாக்கலாமா சார்?”

“வாயில போறதே ஏறல. டியூப்ல போனா மட்டும் ஏறிருமா? நோய் இருக்கற எடத்தை எடுத்தாத்தான் இனிமே வழி. புதன்கிழமை போட்டுக்கலாம்.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா வசந்தா, சரிதானே?”

லெட்சுமி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“சரிங்க சார்” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடத்தில் பல காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் பாதியாவது சாப்பிட்டிருப்பாள், அது போதும் என்று நினைத்தேன். டாக்டருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் என் கையெழுத்து பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் சொன்னதுதான் நிஜம், மற்றதெல்லாம் அதற்குப் பூசின சாந்து.

ஆபரேஷன் ஒழுங்காகத்தான் முடிந்தது. கெட்டுப்போன இடத்தை எடுத்துவிட்டுக் குடலின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார். ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. வயிற்றிலிருந்து வெளியே விட்டிருந்த குழாயில் பழுப்பாக வந்தது. திரும்பத் திறந்தார்கள். தையல் போட்ட இடம் ஒட்டவே இல்லை, நனைந்த காகிதம் மாதிரி பிரிந்து கிடந்தது என்று ஜூனியர் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவளுக்கு மூக்கில் டியூப் போட்டார்கள். நான் காய்ச்சி அனுப்பினேன். ஒரு நாள் போய்க் கட்டிலருகில் நின்றபோது கண்ணைத் திறந்தாள்.

“எழுதலையில்ல மிஸி?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு” என்றாள்.

முதல் ஆபரேஷனுக்குப் பன்னிரண்டாம் நாள் முற்பகலில் இறந்துபோனாள். திருப்பூரிலிருந்து புருஷன் வந்தான். கை முழங்கை வரைக்கும் நீலச்சாயம். பார்வதி சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தாள். ஒரு கம்பளி, ஒரு தட்டு, ஒரு போத்தல்.

“இந்தப் போத்தல்லதாங்க மிஸி அக்கா எங்களுக்குப் பால் குடுத்து விடும்” என்றாள் பார்வதி. “ஒரு ஆளுக்கு ரெண்டு ஆளு சாப்பாடு குடுக்குறாங்க, மிச்சமாவுதுன்னு சொல்லுச்சு. முட்டை, பாலு, தயிரு. ஆஸ்பத்திரிக்காரங்க மவராசனா இருக்கணும்னு நாங்க கும்பிட்டுக்கிட்டுப் போவோங்க.”

முட்டை மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போத்தலைக் கழுவிப் பார்வதியிடம் கொடுத்தேன். எதைச் சொல்வது? சொன்னால் அவள் இனி எப்படி அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாள்?

மாதக் கடைசியில் இறந்த கேஸ்களைப் பற்றிப் பேசும் கூட்டம். டாக்டர் தாமோதரன் யாரையும் குறை சொல்லவில்லை. எழுந்து நின்று தன்னைத்தான் சொன்னார். “அஞ்சு வாரத்தை வீணாக்கிட்டேன். இவங்களுக்கு ஊட்டம் குடுத்துப் பலன் இல்லைங்கறதுக்கு இந்தக் கேஸே சாட்சி. வந்த அன்னைக்கே எடுத்திருக்கணும்.”

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயாவது சொல்லியிருக்க வேண்டும்.

அன்றோடு அந்த முறை நின்றது. கிரோன் நோயாளி யார் வந்தாலும் அதே வாரத்தில் ஆபரேஷன். ராகி காய்ந்துகொண்டிருந்த தட்டை யாரோ துணி அடுக்கி வைக்க எடுத்துக்கொண்டார்கள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா வயிற்றுத் தையல் பிரிந்து, நாலு மாதம் புண்ணோடு படுத்துக் கிடந்து எழுந்தார். ஊட்டிவிட்டு எடுத்திருந்தால் அவருக்கு அது வந்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தினமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்து பிரகாஷ் என்று ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது, மூடிப்போன ஒரு டீ பேக்டரியில் மெஷின் பார்த்தவன். லெட்சுமிக்கு இருந்த அதே நோய், அதே இடம், காலில் அதே பள்ளம். திங்கட்கிழமை ஆபரேஷன் என்று போர்டில் எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரின் அறைக்குப் போனேன். ஹீட்டரில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா?”

“சார், பிரகாஷை இப்ப எடுக்காதீங்க. ஊட்டம் குடுத்தாப் பலன் இருக்குங்க சார்.”

“அதான் பாத்தமே.”

“பாக்கலீங்க சார். லெட்சுமி சாப்பிடவே இல்ல. புள்ளைங்களுக்குக் குடுத்திருச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன்.”

கையை ஹீட்டரிலிருந்து எடுக்காமலேயே இருந்தார். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“மூணாவது வாரத்துல இருந்துங்க சார்.”

“ரவுண்ட்ஸ்ல உன்னைக் கேட்டனே.”

“ஆமாங்க சார்.”

ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே மூட்டம், எதுவும் தெரியவில்லை. “அந்தப் புள்ளைங்களுக்கு முட்டை வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் வாங்கிக் குடுத்திருக்க மாட்டனா?” என்றார்.

வாங்கிக் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போது என்னைத் தாங்க முடிவதில்லை. வேறு சில நாள் அவர் மேல் கோபம் வரும். ஐந்து வாரம் தினமும் அவள் காலை அழுத்திப் பார்த்தாரே, உன் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டாரா? நானும் கேட்கவில்லை, வார்டில் ஒருவரும் கேட்கவில்லை. பங்களாவைப் பூட்டிக்கொண்டு போன அந்த மானேஜரை எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. சில நாள் லெட்சுமி மேலேயே கோபம் வரும். அது அதிக நேரம் நிற்காது.

பிரகாஷின் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். அன்றே டியூப் போட்டார்கள். பாய்லர் மேலே ராகி திரும்பவும் காய்ந்தது. ஆனால் ஒன்று புதிதாக வந்தது. இந்த நோயாளிகளைச் சேர்க்கும்போதே வீட்டில் யார் யார், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும் என்றார். பார்க்க வரும் பிள்ளைகளுக்கு வார்டுக்கு உள்ளே போகும் முன்னால் கேன்டீனில் சாப்பாடு போடச் சொன்னார். அந்தச் செலவை அவரே ஏற்றுக்கொண்டதாகப் பேச்சு. ஆறு வாரம் கழித்துப் பிரகாஷுக்கு ஆபரேஷன் ஆனது. தையல் ஒட்டியது. அவன் அம்மா என் காலில் விழ வந்தார். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன், அவருக்கு அது கர்வமாகத் தெரிந்திருக்கும்.

என்னை வார்டிலிருந்து மாற்றிச் சமையல்கட்டு ஸ்டோரில் போட்டார்கள். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் மேல் ஒரு மெமோகூட வரவில்லை. வேலை விஷயமாக மட்டும் பேசுவார். சுருக்கமாக, மரியாதையாக. என்னையும் ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். கொஞ்ச நாள் கழித்துச் சார்ட் எழுதும் வேலை மறுபடி என்னிடமே வந்தது, ஆள் இல்லாத குறைக்கு. ஒவ்வொரு டம்ளருக்கும் பக்கத்தில் நின்றேன். கால் டம்ளர் மிச்சம் வைத்தாலும் எழுதினேன். நோயாளிகள் கெஞ்சினார்கள், திட்டினார்கள். எழுதினேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒவ்வொரு பிரிவாக வந்து விடைபெற்றார். புதிதாக வந்த சர்ஜன் கூடவே வந்தார். சமையல்கட்டில் எங்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். இவர் இத்தனை வருடம் பால் காய்ச்சியவர், இவர் ஒரு நாள்கூட லீவு போடாதவர் என்று எல்லாரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை. என் முன்னால் வந்ததும் நின்றார்.

“இவங்க வசந்தா. சார்ட் எழுதறவங்க. இவங்க எழுதறதை நம்பலாம்” என்றார் புது டாக்டரிடம். ஓர் அடி எடுத்து வைத்தவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “இப்ப நம்பலாம்.”

ஏதோ பழைய வேடிக்கை என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.